நூற்றுப் பதினேழாம் அட்டை

செக்கோஸ்லோவாக்கியா என்று ஒரு நாடு இருப்பதே தபால் அட்டை வந்துதான் அழகையாவுக்குத் தெரியும். அங்கிருந்து ஒரு வைத்தியர் அவன் வேலை செய்த ஆய்வு நிலையத்து டொக்டருக்கு நாலு வரி எழுதியிருந்தார். இரத்த நோய்ச் சஞ்சிகையில் வெளிவந்த உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பிவைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன் என்று. இது 1970 பெப்ரவரியில். அதற்குப் பிறகு பிரேசில், கென்யா, இந்தியா என்று வரத் தொடங்கி, இரண்டு மாதத்தில் ஒரு பிஸ்கட் டின் நிறைந்துவிட்டது. தபால்காரர் மேட்டில் ஏறும்போதே, "அழகையா, ஒனக்கு ஒலகம் பூரா சொந்தக்காரங்கப்பா" என்பார். அழகையா பல்லைக் காட்டிக்கொண்டு வாங்குவான். அந்தச் சிரிப்புக்காகப் பின்னாளில் அவன் தன்னைத் தானே திட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை.

அவன் ஒன்றும் பெரிய ஆள் கிடையாது. கல்லாறுமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவான மேக்கணக்கில், ஒரே கூரையின் கீழ் எட்டுக் காம்பரா கொண்ட லயத்தில் பிறந்தவன். நாலு வயதில் அம்மா போனாள், பத்து வயதில் அப்பா போனார். ஏழு வயது மூத்தவளான அக்கா இராக்கம்மாதான் கொழுந்து பறித்து அவனை வளர்த்தாள். "இவன் கையில மம்மட்டி குடுக்க மாட்டேன்" என்று கணக்கப்பிள்ளையிடமே சொன்னவள். சொன்னபடி எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கவும் வைத்தாள். அவளுக்குக் கல்யாணமான பிறகும் அது நிற்கவில்லை. புருஷன் மாடசாமி நல்ல மனுஷன், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

1966இல் பதுளை டவுனுக்கு மேலே, பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன பங்களாவில் ஓர் இரத்த ஆய்வு நிலையம் திறந்தார்கள். வெளிநாட்டு நிதியம் ஒன்று நடத்தியது. அரசாங்க உத்தியோகம் என்றால் பிரஜாவுரிமை கேட்பார்கள், தோட்டத்து ஆளுக்கு அது எங்கே இருந்தது? இங்கே கேட்கவில்லை. கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைக்கு அழகையா சேர்ந்தான். வருஷம் இரண்டு போவதற்குள் விரலில் குத்தி இரத்தம் எடுக்கவும், அட்டையில் பேரும் இலக்கமும் எழுதவும் பழகிவிட்டான். அவன் எழுத்து அச்சுப் போல இருக்கும்.

நிலையத்தின் தலைவர் டொக்டர் இத்ரூஸ். பதுளை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்த குடும்பம், லண்டனில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். பொய்யும் புரட்டும் இல்லாத மனுஷர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு குழாயைச் சரியாகக் கழுவவில்லை என்றால் அன்று முழுக்க முகம் கொடுக்க மாட்டார். அவருக்கு ஒரே ஒரு கேள்வி. தோட்டத்துப் பெண்களின் உடம்பில் எவ்வளவு இரத்தச் சத்து இருக்கிறது? நிதியம் அனுப்பும் சத்து மாத்திரையை டிஸ்பென்சரியில் வாராவாரம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பிரயோசனம் உண்டா, இன்னும் வேண்டுமா என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் எண்ணுகிறேன் என்றார். 1968இல் கல்லாறுமலையைத் தேர்ந்தெடுத்தார். அழகையாவின் ஊர் என்பதால் வேலை சுலபமாக இருக்கும் என்று நினைத்தார். வினை அங்கேதான் இருந்தது.

மேக்கணக்கின் செக்றோல் பதிவேட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களின் பேர் இருந்தது. மூன்று நாள் வேலை. முதல் நாள் காலைப் பெரட்டில் எல்லாரும் கூடி நிற்கும்போது கங்காணி அறிவித்தார். "ரத்தம் போதுமான்னு பாக்க வந்திருக்காங்க. பேர் கூப்பிட்டா மடுவத்துக்கு வரணும். ஒரு பேரும் விட்டுப்போகக் கூடாது." அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் 'போதுமா' என்ற சொல் லயத்துக்கு லயம் பரவி, பொழுது சாய்வதற்குள் வேறு ஏதோவாகிவிட்டது.

தோட்டத்தில் 'போதுமா' என்றால் ஒரே அர்த்தம்தான். கொழுந்து பதினெட்டு றாத்தல் இருந்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் பேரையே வெட்டுவார்கள். அதனால் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நிரையில் ஒருத்தி முடியாமல் நின்றால், பக்கத்து நிரைக்காரிகள் கடந்து போகும்போது ஆளுக்கு ஒரு கைப்பிடி கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிட்டுப் போவார்கள். கேட்கவும் மாட்டார்கள், சொல்லியும் காட்ட மாட்டார்கள். கங்காணிக்கும் தெரியும், வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். இப்போது துரைமார் இரத்தத்தையும் நிறுக்க வந்துவிட்டார்கள், போதாதவள் பேரை வெட்டி இந்தியாவுக்குக் கப்பலேற்றப்போகிறார்கள் என்று லயத்தில் முடிவாகிவிட்டது. இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு ஆட்களை அங்கே அனுப்பத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது, பயப்படாமல் எப்படி இருப்பார்கள்? கூடைக்குச் செய்ததையே இதற்கும் செய்தார்கள்.

இரண்டாம் நாள். மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் அழகையாவின் மேசை. குத்துவதும் அட்டை எழுதுவதும் அவன் வேலை. நாலடி தள்ளி வெளிச்சத்தைப் பார்த்தபடி டொக்டர் உட்கார்ந்து, குழாயில் நிறம் ஒத்துப் பார்த்து இலக்கம் சொல்லுவார். நூற்றுப் பதினேழாவதாகக் கங்காணி கூப்பிட்டார்.

"இராக்கம்மா."

வந்து உட்கார்ந்தது தனலெட்சுமி. அக்காவின் பக்கத்துக் காம்பராக்காரி. மேக்கணக்கிலேயே திடகாத்திரமானவள், முப்பது றாத்தலை மூச்சு வாங்காமல் தூக்கி வருவாள். முந்தின நாள்தான் நாற்பத்து மூன்றாவது ஆளாக வந்து தன் பேருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். இன்று சேலையை மாற்றி, முக்காட்டை இறக்கி விட்டிருந்தாள்.

அழகையா நிமிர்ந்து பார்த்தான். மடுவத்துக்கு வெளியே, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா வாசலில் அக்கா குந்தியிருந்தாள். இரண்டு பிள்ளை பெற்று இரண்டும் தங்காமல், சாம்பல் பூத்த முகத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுப்பா தம்பி" என்றாள் தனலெட்சுமி, வாய்க்குள்ளேயே. "ஒங்க அக்கா பேரு நிக்கணுமில்ல?"

சொல்லியிருக்கலாம். நாலடி தூரத்தில் டொக்டர். "ஐயா, இது வேற ஆளு" என்று நாலு வார்த்தை. அழகையா சொல்லவில்லை. பேர் வெட்டுவார்கள் என்று அவனும் பாதி நம்பினான். நிலையத்திலேயே வேலை செய்தும் நம்பினான், ஏனென்றால் அவனும் அந்த லயத்துப் பிள்ளைதான். இடது கையின் நடுவிரலில் நேற்றுக் குத்திய புள்ளி தெரிந்தது. டொக்டர் பார்த்துவிடக் கூடாது என்று வலது கையைத் திருப்பி மோதிர விரலில் குத்தினான். பொட்டென்று சிவப்பாக இரத்தம் பொங்கி வந்தது.

"பன்னிரண்டு புள்ளி ஆறு" என்றார் டொக்டர். "மாஷா அல்லாஹ்."

அழகையா அட்டையில் எழுதினான். 117, இராக்கம்மா, 12.6. ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று என்ன ஆகிவிடப்போகிறது? அதற்குப் பிறகு வந்தவர்களின் விரலைத்தான் பார்த்தான், முக்காட்டுக்குள் யார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

கட்டுரை ஒன்றரை வருஷம் கழித்து அச்சாகி வந்தது. இரத்த நோய்களுக்கென்றே வெளிவரும் அந்தச் சஞ்சிகை கப்பலில் இரண்டு மாதம் பிந்தி, உப்புக் காற்று வாடையோடு வரும். டொக்டர் அன்று தன் வீட்டிலிருந்து வட்டிலப்பம் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். முதல் பக்கத்தில் அவர் பேர் மட்டும் இருந்தது. கடைசியில், சிறிய எழுத்தில், தோட்டத்து நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் நன்றி என்று இருந்ததாம். தட்டச்சு செய்யும் றஷீதா படித்துச் சொன்னாள். அழகையாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்குப் புதிதாக ஒரு வேலை வந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துச் சொன்னால் அதன் பேரைக் கடைசிப் பட்டியலில் போடுவார்கள். எத்தனை பேர் அப்படிப் போடுகிறார்களோ அத்தனைக்கு அந்தக் கட்டுரை உசத்தி. வரும் சஞ்சிகைகளை எல்லாம் புரட்டி, கடைசிப் பட்டியலில் 'இத்ரூஸ்' என்ற பேர் எங்கே இருக்கிறது என்று தேடி, பென்சிலால் அடையாளம் போட்டு, ஓர் அட்டை எழுதி மேசை லாச்சியில் அடுக்க வேண்டும். இங்கிலீஷ் பாதிதான் விளங்கும், ஆனாலும் அந்தப் பேரின் ஆறு இங்கிலீஷ் எழுத்து எந்த மூலையில் ஒளிந்திருந்தாலும் அவன் கண்ணுக்குத் தப்பாது.

"இன்டைக்கு எத்தன?" என்று டொக்டர் கேட்பார்.

"ரெண்டு ஐயா. மொத்தம் பதினேழு."

"கெட்டிக்காரன்."

1971இல் கல்லாறுமலை டிஸ்பென்சரிக்குச் சத்து மாத்திரை வருவது நின்றது. மேலேயிருந்து வரவில்லை என்று டிஸ்பென்சர் சொன்னார். மேலே என்றால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. தோட்டத்தில் நின்றுபோகிற சாமான் ஒன்றா இரண்டா? மாத்திரையையும் லாச்சியிலுள்ள அட்டைகளையும் அழகையா சேர்த்து நினைத்துப் பார்த்ததே இல்லை.

பிறகு அந்தப் பஞ்ச வருஷம் வந்தது. எழுபத்து மூன்று, எழுபத்து நாலு. கூப்பன் மாவைக் குறைத்தார்கள், அரிசி கண்ணில் படவில்லை. காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள், பலாக்கொட்டையை அவித்துத் தின்றார்கள், அதுவும் இல்லாத நாளில் வெறும் தேயிலைச் சாயத்தைக் குடித்துவிட்டு மலையேறினார்கள். லயத்துக்கு ஒரு சாவு என்று போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா மறுபடியும் உண்டாகியிருந்தாள். முப்பத்தாறு வயது. அழகையா தன் பங்கு மாவில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுப்பான். அவள் அதில் ரொட்டி சுட்டு மாடசாமிக்கு வைப்பாள்.

ஏழாம் மாதம் ஒரு நாள் பார்க்கப் போனபோது, தண்ணிப் பீலியிலிருந்து குடத்தோடு வந்தவள் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தான். உள்ளே காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி நிலையத்துக்குக் கூட்டி வந்தான். டொக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். அழகையாவே குத்தினான். விரலைப் பிதுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. குழாயில் கரைத்தால் நிறம் ஏறவே இல்லை. 4.2. தப்பாகச் செய்துவிட்டேனோ என்று அடுத்த விரலிலும் எடுத்தான். 4.2.

"என்னப்பா, போதுமா?" என்று கேட்டாள் அக்கா.

அழகையா பழைய லாச்சியை இழுத்து நூற்றுப் பதினேழாம் அட்டையை எடுத்தான். இராக்கம்மா, 12.6. அவன் எழுத்துத்தான், அச்சுப் போல. இரண்டு இலக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஒரு வெற்று அட்டையில் 117, இராக்கம்மா, 4.2 என்று எழுதித் தேதி போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். றஷீதாவின் மேசைக்குப் போய்ச் சஞ்சிகையை விரித்து வைத்தான்.

"மிஸ், இதுல கடசியா என்னா எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க."

அவள் படித்தாள். நாலு வருஷமாக அவன் அடையாளம் போட்டுக்கொண்டிருந்த கட்டுரை என்ன சொல்கிறது என்பதை அன்றுதான் கேட்டான். மலைநாட்டுத் தோட்டப் பெண்களின் இரத்தம் எதிர்பார்த்ததைவிட நல்ல நிலையில் இருக்கிறது, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து மட்டுமே போதுமானது, இரும்புச் சத்து மாத்திரையைத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

"ஏன் அண்ணன், மொகம் இப்பிடிப் போகுது?" என்றாள் றஷீதா. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

டொக்டரின் துண்டு இல்லாமல் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற மாட்டார்கள் என்று அக்காவைத் திரும்ப லயத்தில் கொண்டுபோய் விட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய பேர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனான். தனலெட்சுமியின் காம்பரா வாசல் இஸ்தோப்பில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருக்காக யார் கொடுத்தது என்று கேட்டான். ஒளிக்கவே இல்லை. யார் கூடையில் யார் கைப்பிடி போட்டது என்பது அவர்களுக்கு மறக்குமா? பொன்னுத்தாயிக்கு வள்ளியம்மை, மூக்காயிக்கு அவள் மருமகள், காமாட்சி இரண்டு பேருக்கு. அவன் பென்சில் போட்டுக்கொண்டே போனான். ஐம்பத்தெட்டு வந்தது.

"ஒரு பேர வெட்ட முடிஞ்சுதா அவனுங்களால?" என்றாள் தனலெட்சுமி. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எல்லாத்தயும் காப்பாத்திட்டோம்ல."

அழகையாவுக்கு அவளைத் திட்டத் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது. பட்டியலை மடித்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் டொக்டர் திரும்பியதும் பட்டியலை மேசையில் வைத்துச் சொன்னான். இத்ரூஸ் முதலில் நம்பவில்லை, பிறகு அட்டைகளை எடுத்து நாற்பத்து மூன்றையும் நூற்றுப் பதினேழையும் பக்கத்தில் வைத்தார். 12.7, 12.6.

"ஒன்ட தாத்தாவ நாளைக்கே கொண்டு வா" என்றார். அக்காவைத் தாத்தா என்பது அவர்கள் வழக்கம். "நான் துண்டு எழுதித் தாரேன். ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தணும். ஆள் ரெண்டு பேரக் கூட்டிட்டு வா, ரத்தம் கொடுக்க."

நாளைக்கு என்பது நாளைக்குத்தானே? விடிந்ததும் குறைமாசத்திலேயே அக்காவுக்கு வலி கண்டுவிட்டது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. அது வந்து சேர மத்தியானமாயிற்று. கொழுந்துச் சாக்குகளை விரித்து அவளைப் படுக்கவைத்தார்கள். மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு தனலெட்சுமி உட்கார்ந்தாள். ஏறின நேரத்திலிருந்தே அவள் ரவிக்கைக் கையை மேலே சுருட்டி விட்டிருந்தாள்.

"வெரசாப் போகச் சொல்லு தம்பி. எங்கிட்ட எவ்வளவு வேணுமின்னாலும் எடுத்துக்கட்டும். அப்ப குடுத்தேன், இப்ப குடுக்க மாட்டேனா?"

சாக்கெல்லாம் நனைந்துகொண்டே வந்தது. இரத்தமே இல்லை என்று அவன் குழாயில் பார்த்த உடம்பிலிருந்து எப்படித்தான் அவ்வளவு போயிற்றோ. ஆஸ்பத்திரிக் கேட்டுக்குள் லொறி திரும்பும்போது அக்காவின் கை அவன் கையில் கனத்தது. பிள்ளையும் தங்கவில்லை. தனலெட்சுமி இறங்கியும் ரவிக்கைக் கையை இறக்கி விடவில்லை. கேட்டடியில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் துக்கம் கேட்க டொக்டர் லயத்துக்கே வந்தார். தகரக் கூரையின் கீழ் ஒரு பலகையில் உட்கார்ந்து, கொடுத்த சாயத்தைக் குடித்தார். மற்றவர்கள் போன பிறகு அழகையா கேட்டான்.

"அந்தத் தாள மாத்துங்க ஐயா. மாத்திர திரும்ப வரணும்."

"மாத்தி எழுதினா மொதக் கேள்வியே பேர் எழுதினது யாரெண்டுதான் கேப்பாங்க. ஒன்ட கையெழுத்து. பொறகு ஒன்ன நான் எப்பிடி வச்சிருக்கிற? இந்த நிலையத்தில எண்ணின ஒண்டையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். மூடிட்டுப் போவாங்க." குவளையைத் தரையில் வைத்தார். "அது ஒரு கட்டுரை மட்டும் இல்ல அழகையா. இப்ப முப்பத்தொரு கட்டுரை அதுக்கு மேல நிக்கிது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அழகையா வாயை மூடிக்கொண்டான். பயம், வேறொன்றுமில்லை. மம்மட்டி பிடிக்கப் பயம், தான் எழுதிய அட்டை தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று பயம். அக்கா அவன் கையில் எதைக் கொடுக்க மாட்டேன் என்றாளோ, அதற்குப் பயந்து அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டான். அடுத்த வருஷம் டொக்டர் இத்ரூஸ் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். போகும்போது அழகையாவின் தோளைப் பிடித்துவிட்டுக் காரில் ஏறினார்.

ஏழு வருஷம் இப்படியே போனது. கட்டுரைக்கு ஒரு குறையும் வரவில்லை. சஞ்சிகை வரும், அவன் புரட்டுவான். நாற்பது, அறுபத்தெட்டு, நூற்றி நாலு. அந்த ஆறெழுத்தைக் காணும்போதெல்லாம் நெஞ்சுக்குள் முள் ஏறும், ஆனாலும் கை பழக்கத்தில் அடையாளம் போடும். வேறொரு நாட்டுத் தோட்டங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை றஷீதாவிடம் படிக்கச் சொன்னான். மலைநாட்டில் கண்டது போலவே இங்கும் மாத்திரை அவசியமில்லை என்று நாங்கள் கருதுகிறோம், என்று அதில் இருந்தது. அந்த நாட்டுப் பேரைக்கூட அவன் கேள்விப்பட்டதில்லை. அங்கே எத்தனை இராக்கம்மாவோ என்று நினைத்து அன்று சோறு இறங்கவில்லை.

1981இல் சஞ்சிகையிலிருந்தே ஒரு கடிதம் வந்தது. இருபது வருஷமாகத் தாங்கள் வெளியிட்டதையெல்லாம் எண்ணிப் பார்த்தார்களாம். எந்த நோயைப் பற்றி அதிகம் எழுதுகிறார்கள், ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கட்டுரையை அதிகம் பேர் எடுத்துச் சொல்கிறார்கள் என்று. பதுளைக் கட்டுரை ஒன்பதாம் இடம். நூற்று நாற்பத்து மூன்று தடவை. சிறப்பிதழில் போட நிலையத்தின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். புதிதாகத் தலைவராக வந்திருந்த டொக்டர் ஸரூக்குக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போடச் சொல்லி டவுனுக்கு ஆள் அனுப்பினார். படத்துக்கு நிற்க அழகையாவையும் கூப்பிட்டார்.

"பழைய ஆள் நீங்கதான். நடுவில நில்லுங்க."

அழகையா நடுவில் போய் நின்றான். படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் அந்த அட்டை இருந்தது. ஏழு வருஷமாக ஒவ்வொரு சட்டையாக மாறி மாறி அங்கேயேதான் இருந்தது. அவனால் நிற்க முடியவில்லை.

"ஐயா, அந்தக் கணக்கு பொய். நாந்தான் எழுதினேன்" என்றான். எல்லாருக்கும் முன்னாலேயே சொன்னான். ஐம்பத்தெட்டுப் பேரையும், அக்காவையும், லொறியையும் சொன்னான். அழுதுகொண்டே சொன்னான், அதில் அவனுக்கு வெட்கமாக இருக்கவில்லை.

ஸரூக் இளம் வயது. முகம் சிவந்து, "இவ்வளவு காலமும் வாயில என்ன வச்சிட்டு இருந்தீங்க?" என்று சீறினார். வேலையை விட்டு அனுப்பப்போகிறார் என்றுதான் றஷீதா நினைத்தாள். அவர் முற்றத்தில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்தார். "வாய்ப் பேச்ச வச்சி சஞ்சிகையில ஒண்டும் போட மாட்டாங்க. திரும்ப எண்ணணும். அதே தோட்டம், அதே பேர்கள்" என்றார். சட்டம் போட்டு வந்த கடிதம் சுவரில் ஏறவில்லை, அலுமாரிக்குப் பின்னால் போயிற்று.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடலாம், பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் சஞ்சிகையில் ஒரு பக்கத்தின் அடியில் ஆறு வரித் திருத்தம் வந்தது. கல்லாறுமலைக்கு மட்டும் மாத்திரை திரும்ப வந்தது. அழகையா லாச்சியில் அந்த ஆறு வரிக்கென்று தனியாக ஒரு தடுப்பு வைத்து, ஒவ்வொரு மாதமும் கடைசிப் பட்டியல்களைப் புரட்டினான். பழைய கட்டுரையை மேலும் நாற்பத்தாறு பேர் எடுத்துச் சொன்னார்கள். திருத்தத்தை ஒருத்தர்கூட எடுத்துச் சொல்லவில்லை. அந்தத் தடுப்பு காலியாகவே கிடந்தது.

ஆனால் அப்படித் திரும்ப எண்ணிய நாளில் அவனுக்கு இதெல்லாம் தெரியாது. அதே மடுவம், தராசுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் மேசை. இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொரு பேர் செத்துப்போயிருந்தார்கள். எழுபத்து நாலு பேர் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிருந்தார்கள், பேர் வெட்டாமலே அனுப்பிவிட்டார்கள். மிச்சப்பட்டவர்களிடம் முந்தின நாளே லயம் லயமாகப் போய், பேர் ஒன்றும் வெட்ட மாட்டார்கள், அவரவர் இரத்தத்தை அவரவரே கொடுங்கள் என்று அழகையா கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருந்தான்.

நாற்பத்து மூன்றாம் இலக்கத்துக்குத் தனலெட்சுமி வந்தாள். கங்காணி கூப்பிட்டிராவிட்டால் அவனுக்கே சட்டென்று அடையாளம் தெரிந்திராது. கழுத்தெலும்பு துருத்தி, நகமெல்லாம் கரண்டியாகக் குழிந்து வெளுத்திருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அவன் குத்தினான். இரத்தம் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

"ஐந்து புள்ளி எட்டு" என்றார் ஸரூக்.

"எவ்வளவுப்பா?"

"அஞ்சே முக்கா, தனக்கா."

"முன்ன எவ்வளவு இருந்துச்சு?"

"பன்னண்டே முக்கா."

"அப்ப கொறஞ்சுதான் போச்சு" என்றாள். எழுந்திருக்கவில்லை. மற்றக் கையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இராக்கம்மாவுக்கும் எடு."

"தனக்கா, அக்கா செத்து ஏழு வருசமாச்சு."

"எனக்குத் தெரியாதா? என் மடியில இருந்துதானப்பா போனா. ஆனா அந்தப் புஸ்தகத்துல அவ பேருல இருக்கறது என் ரத்தமின்னு நீதான சொன்ன? தப்பாக் குடுத்தவ நான். அத நானே திருத்திக் குடுத்துட்டுப் போறேன். எடு."

அவள் விரல்கள் மேசைமேல் விரிந்து கிடந்தன. அன்றைக்கு அவன் குத்திய அதே வலது கை. அவன் அதை இரண்டு கையாலும் பிடித்து, மெல்லத் தூக்கி அவள் மடியிலேயே வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஓரமெல்லாம் நைந்துபோன அட்டையை எடுத்தான். 117, இராக்கம்மா, 4.2.

"அக்காவுக்கு அப்பவே எடுத்துட்டேன் தனக்கா."

"அது அவ ரத்தந்தானா?"

"அவளோடதுதான்."

தனலெட்சுமி அட்டையை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு மேசையைப் பிடித்து எழுந்தாள். ஸரூக் அந்த அட்டையை வாங்கி அன்றைய அடுக்கில் அதன் இடத்தில் வைத்தார். கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட்டார்.